பாக்கெட் பார்க்கிற கை

எங்கள் அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது. துப்பறிகிற மூளை என்று நினைத்துவிட வேண்டாம். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் அதன் பாக்கெட்டைப் பார்த்துவிடுவாள், அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷ வேலை. டாக்டர் கோட்டு, நர்ஸ் அங்கி, வார்டு பையன்களின் கால்சட்டை என்று இதுவரை எத்தனை லட்சம் பாக்கெட் பார்த்திருப்பாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவள் நான். மூன்றாவது முறையும் உட்கார்ந்தால் பெஞ்சுக்கே அலுத்துவிடும் என்று நின்றுகொண்டேன். இப்போது ஜெராக்ஸ் கடையில் அரை நாள் வேலை.

பாக்கெட் பார்ப்பதற்கு அம்மாவிடம் ஒரு முறை உண்டு. சட்டென்று கையை உள்ளே விட மாட்டாள். முதலில் வெளியிலிருந்து உள்ளங்கையால் ஒரு தட்டு. குத்துகிற மாதிரி ஏதாவது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு ஊசி அவள் கட்டைவிரலில் ஏறி, ஆறு வாரம் ரத்தப் பரிசோதனைப் பயத்தில் கிடந்தாளாம். அதிலிருந்து தட்டாமல் தொடுவதில்லை. தட்டிய பிறகு இரண்டு விரல் மட்டும் உள்ளே போகும். கிடைத்ததை எடுத்து இடது பக்கம் இருக்கிற தகரப் பெட்டியின் வாயில் போட்டுவிடுவாள். பேனா, சாவி, சில்லறை, காதல் கடிதம், எதுவாக இருந்தாலும் கண் அதன் பக்கம் போகாது.

அது சலவைக்கூடத்தின் எழுதாத சட்டம். ஒருமுறை, அம்மாவோடு வேலை பார்த்த ஒருத்தி ஒரு டாக்டரின் கோட்டிலிருந்து எடுத்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டாள். படித்ததோடு நின்றாளா, இல்லை. இரண்டு குடும்பம் பிரிந்து, மூன்று பேர் வேலையை விட்டு, ஊரே சிரித்தது. "அடுத்தவங்க பாக்கெட்ல இருக்கறது அடுத்தவங்க வயித்துல இருக்கற மாதிரி, நமக்கு எதுக்கு?" என்பாள் அம்மா. பத்தொன்பது வருஷத்தில் அவள் கை வழியாகப் போன ஒரு பொருளும் தொலைந்ததில்லை, ஒரு காகிதமும் நனைந்ததில்லை. வீட்டில் அப்பாவைத் திட்டும்போதுகூட அந்தப் பெருமை இடையில் வந்துவிடும்.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு முடிதிருத்தும் கடை, இரண்டு நாற்காலி. அண்ணனுக்கு வீட்டில் சட்டாம்பிள்ளை என்று பேர். வைத்தது நான்தான். செருப்பைக்கூட அளவெடுத்துக் கழற்றிவைக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? எனக்கு வாலு என்று பேர். அது ஊர் ஒன்றுகூடி வைத்தது.

இந்தச் சட்டாம்பிள்ளைக்குத்தான் ராணுவ அகாடமியில் இடம் கிடைத்தது. எழுத்துத் தேர்வில் தேறி, ஐந்து நாள் நேர்முகத்தில் தேறி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் காதில் அழுக்கு என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா சொன்னதைக் கேட்காத காது என்று நான் சொன்னதற்கு அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி போய், மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்ட தகுதிச் சான்றிதழை வாங்கி வந்தான். அந்தக் காகிதத்தை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தால் அதற்குப் பசிக்குமோ என்று தோன்றும்.

அகாடமியிலிருந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் வந்திருந்தது. கறுப்புத் தகர டிரங்குப் பெட்டி ஒன்று, மூடியில் வெள்ளைப் பெயின்டில் பேரும் எண்ணும். வெள்ளைச் சட்டை ஆறு, வெள்ளைக் கால்சட்டை நான்கு. கறுப்பு ஷூ, கேன்வாஸ் ஷூ. பூட்டு ஒன்று, சாவி இரண்டு. ஊசி, நூல், பொத்தான். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில்: மருத்துவத் தகுதிச் சான்றிதழ், அசல் மட்டும், நகல் ஏற்கப்படாது. நான் எங்கள் கடையில் எட்டு நகல் எடுத்து வைத்திருந்தேன். அந்த வரியைப் படித்ததும் என் உத்தியோகத்தின் மேலேயே எனக்கு மரியாதை குறைந்துவிட்டது.

பெட்டியில் பேர் எழுதும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். சீப்பை அளவுகோலாக வைத்து எழுத்துக்குக் கோடு போட்டார். அகாடமியில் போன முதல் நாளே மொட்டை அடித்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தன் பிள்ளையின் தலையில் இன்னொரு நாவிதன் குறை கண்டுபிடிக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செதுக்கினார். அம்மா சனிக்கிழமையே வெள்ளைத் துணி மொத்தத்தையும் மூட்டை கட்டிச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடைசி ஒரு மணி நேரம், ஊழியர்கள் சொந்தத் துணியைச் சின்ன இயந்திரத்தில் போட்டுக்கொள்ளலாம். நீராவி இஸ்திரிப் பெட்டியில் தேய்த்து மடித்துக் கொண்டுவந்தபோது சட்டைகள் அட்டை மாதிரி நின்றன.

என் பங்குக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கேன்வாஸ் ஷூவுக்குள் ஒரு ரப்பர் கரப்பான்பூச்சியை வைத்தேன். அது போக, ஒரு கறுப்பு ஷூவை மட்டும் ஒளித்துவைத்தால் இவன் ரயிலை விட்டுவிடுவானா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யோசித்ததோடு சரி, செய்யவில்லை. ஒற்றைக்காலோடு என்றாலும் போய்ச் சேருகிற ஜாதி அவன்.

ரயில் செவ்வாய்க்கிழமை காலை. புதன்கிழமை நண்பகலுக்குள் அகாடமியின் வாசலில் நிற்க வேண்டும், பிந்தினால் இடம் அடுத்தவனுக்கு. திங்கட்கிழமை அம்மா லீவு போட்டிருந்தாள். மதியம் சாப்பிட்ட பிறகு அண்ணன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி முறையாகச் சரிபார்த்தான். ஒவ்வொன்றாகப் படித்து, டிக் போட்டு, கடைசியில் காகிதக் கோப்பைத் திறந்தான். சான்றிதழ் இல்லை.

கோப்பைத் தலைகீழாக உதறினான். எட்டு நகலும் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. அசல் விழவில்லை. அவன் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தான், பிறகு கையை நீட்டினான்.

"வாலு, குடு."

"என்னத்த?"

"விளையாடாதடி. நாளைக்கு ரயில்."

எடுக்கவில்லை என்றேன். அவன் நம்பவில்லை, நம்புவதற்குக் காரணமும் இல்லை. போன வருஷம் அவனுடைய தேர்வு நுழைவுச் சீட்டைச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்து, அவன் முகம் வெளுக்கிற வரை முக்கால் மணி நேரம் வேடிக்கை பார்த்தவள் நான்தான். அன்றும் இப்படித்தான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். புலி வருது கதைதான். எங்கள் கதையில் புலியை வளர்த்ததே நான் என்பதால் யாரிடமும் போய் அழவும் முடியாது.

சர்க்கரை டப்பா, பருப்பு டப்பா, என் தலையணை உறை, பரணில் இருந்த பழைய மின்விசிறியின் மூடி வரை பார்த்தார்கள். கடையிலிருந்து அப்பாவை வரவழைத்தார்கள். ஒரு வாடிக்கையாளரைப் பாதித் தாடியோடு உட்காரவைத்துவிட்டு வந்திருந்தார். அவரும் என்னைப் பார்த்து, சொல்லிடும்மா என்றார். அண்ணன் குரலை உயர்த்தியது என்னை ஒன்றும் செய்யவில்லை. அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசியதுதான் தாங்கவில்லை.

"எடுத்திருந்தா குடுத்துடுடி. அவன் போறது உனக்குக் கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியும். யாரும் அடிக்க மாட்டாங்க."

கஷ்டம்தான். அதை யார் இப்போது கேட்டார்கள்? நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். சும்மா உட்காரவும் முடியவில்லை. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். மூன்று டாக்டர்களும் ஒன்றாக உட்காருவது மாதத்துக்கு ஒரு முறை. அதற்குள் இடம் போய்விடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. இவன் ஆறாம் வகுப்பிலிருந்து காலையில் எழுந்து ஓடிய ஓட்டமெல்லாம் வீண். நாளைக்கு அவன் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவான். நான் ஆசைப்பட்டதும் அதைத்தானே? ஆனால் டிரங்குப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்தபோது அந்த ஆசையைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

கடைசியாக எப்போது அதைப் பார்த்தாய் என்று அப்பா கேட்டார். அண்ணன், கோப்பில்தான் இருந்தது என்றான். அவனுக்குத் தன் மேல் சந்தேகமே வராது, அந்த வசதி எனக்குக் கிடையாது. இருந்தாலும் அப்பா விடவில்லை. தோண்டத் தோண்ட ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை மாலை பழைய பள்ளியின் விளையாட்டு வாத்தியாரிடம் காட்ட எடுத்துப் போயிருக்கிறான். திரும்பி வந்து கோப்பில்தான் வைத்தேன், வைத்திருப்பேன் என்றான். 'வைத்தேன்' என்பது 'வைத்திருப்பேன்' ஆனபோதே எனக்குக் காது நிமிர்ந்தது.

அம்மா அப்போது இறைந்து கிடந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். பதற்றம் வந்தால் அவளுக்குத் துணி மடிக்க வேண்டும். ஆணியில் தொங்கிய அப்பாவின் கடைக் கோட்டை எடுத்தாள். அப்பாவிடம், வாத்தியார் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் தட்டினாள், இரண்டு விரல் விட்டு ஒரு சின்னச் சீப்பை எடுத்தாள், இடது பக்கம் போட்டாள். அங்கே பெட்டி எதுவும் இல்லை. சீப்பு தரையில் விழுந்து சுவரோரம் ஓடியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா, இப்ப என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்? கோட்ட மடிச்சேன்."

"அண்ணன் வெள்ளிக்கிழமை வாத்தியார் வீட்டுக்கு எந்தக் கால்சட்ட போட்டுட்டுப் போனான்?"

புதுசு, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெள்ளைக் கால்சட்டையைப் போட்டுப் போனேன் என்று அண்ணன் சொன்னான். சொல்லி முடிக்கவில்லை, அம்மா மடித்த கோட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை அந்தக் கால்சட்டையிலிருந்து அந்த விரல்கள் எடுத்துப் போட்டிருக்கின்றன, அவளுக்குத் தகவல் இல்லை. பத்தொன்பது வருஷமாகப் பார்க்காமல் போட்டுப் பழகிய கை, சொந்தப் பிள்ளையின் காகிதம் என்று கண்டதா?

"இன்னிக்குத் திங்கள்," என்றாள்.

திங்கட்கிழமை என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை மூன்று மணிக்கு அந்தத் தகரப் பெட்டியைத் திறப்பார்கள். பொருள்கள் காவல் அறைக்குப் போகும். காகிதங்கள் மட்டும் காகிதம் அறுக்கிற இயந்திரத்துக்குப் போகும். நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, என்ன ஏது என்று படிக்காமலே அறுத்துவிடுவார்கள். அப்போது மணி இரண்டே முக்கால். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் இருபது நிமிஷம்.

அம்மாவும் நானும் ஓடினோம். பஸ்ஸில் அவள் உட்காரவில்லை, நின்றால் பஸ் வேகமாகப் போகும் என்கிற மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சலவைக்கூடத்தின் வாசலில் நுழைந்தபோது மணி மூன்று எட்டு. தகரப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அடியில் ஒரு பொத்தான் மட்டும் இருந்தது.

அம்மா அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு நான்கு மூலையும் தடவிப் பார்த்தாள். முதல்முறையாக, தட்டாமல்.

ஸ்டோர்காரர் அறையில் இருந்தார். எதற்கும் விதி விதி என்பதால் அவருக்கு அங்கே 'விதி சார்' என்றே பேர். பேப்பர் கிளிப் கேட்டால்கூட மனு எழுதச் சொல்வார். அம்மா வீட்டில் அவரைத் திட்டிய திட்டுக்கு அவர் இன்னும் நிமிர்ந்து நடப்பது ஆச்சரியம். அவர் மேஜைக்குப் பக்கத்தில் அறுக்கிற இயந்திரம். அதன் கீழே காலியான தொட்டி, அதன் பக்கத்தில் வாய் கட்டிய ஒரு காகிதப் பை.

"அறுக்கலையா சார்?" நான் கேட்டேன்.

அவர் எரிச்சலோடு சொன்னார். அறுக்கும்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், விதி. இரண்டாவது ஆள் பல் வலி என்று மதியமே போய்விட்டான். அவன் வராமல் இயந்திரத்தின் பொத்தானைத் தொட மாட்டாராம், அவன் பல்லைப் பிடுங்கினாலும் சரி, தலையைப் பிடுங்கினாலும் சரி. எனக்கு அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்கும் மனு கேட்பார் என்று விட்டுவிட்டேன்.

பையைப் பிரிக்க அவர் சம்மதிக்கச் சற்று நேரம் ஆனது. எந்தத் தாள், எத்தனை மடிப்பு, என்ன நிறம், யார் கையெழுத்து என்று எல்லாம் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எப்படித் தெரியும், அவள்தான் பார்க்கவே இல்லையே. நான் சொன்னேன். எட்டு முறை கண்ணாடி மேல் வைத்து நகல் எடுத்தவள் நான். இடது மூலையில் நீல முத்திரை, மூன்றாவது கையெழுத்தின் வால் கீழே வரிக்குள் நுழைந்திருக்கும், பிறந்த தேதிக்கு மேல் ஒரு மைப்புள்ளி. அவர் ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தார். மருந்துச் சீட்டு, டீக்கடை ரசீது, யாரோ வரைந்த ஒரு பூனை. நான்காக மடித்த தாள் பதினேழாவதாக வந்தது. நனையவில்லை. கிழியவில்லை. மடிப்பு மட்டும் சிலுவை மாதிரி.

அம்மா அதை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை, பெரிதாக ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

விதி சார் பதிவேட்டைத் திறந்தார். இழந்தவர் யார், கண்டெடுத்தவர் யார் என்று இரண்டு கட்டம். பேனாவை நீட்டினார். பத்தொன்பது வருஷத்தில் அவள் பேர் அந்தப் பதிவேட்டில் இழந்தவர் கட்டத்தில் வந்ததே இல்லை. அவள் கை தயங்கியது எனக்குத் தெரிந்தது. நான் அவள் காதருகே போனேன்.

"அம்மா, நான் விளையாட்டுக்கு உன் மூட்டையில வெச்சேன்னு சொல்லிடறேன். வீட்லயும் முதல்ல அப்படித்தான நினைச்சாங்க. எனக்கென்ன புதுசா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"போடி. என் கை பண்ணினதுக்கு உன் தலை எதுக்கு?"

இரண்டு கட்டத்திலும் தன் பேரையே எழுதினாள். விதி சார் அதைப் பார்த்து, இப்படி எழுத விதியில் இடம் இருக்கிறதா என்று சற்று யோசித்தார். இல்லை என்று சொல்ல ஒரு விதியும் அகப்படவில்லை போலும், முத்திரை குத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மா எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். அப்பா, பாதித் தாடிக்காரர் காத்திருப்பார் என்று நினைவு வந்து ஓடினார். அண்ணன் சான்றிதழைக் கோப்பில் வைத்து, கோப்பைத் துணியில் சுற்றி, துணியை டிரங்கில் வைத்து, டிரங்கைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் கரப்பான்பூச்சியை எடுக்க மறந்துவிட்டேனே என்று அப்போது ஞாபகம் வந்ததால் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் ரயில் ஏற்றிவிட்டோம். அதற்கு மறுநாள், புதன்கிழமை, சலவைக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அம்மா தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன். பன்னிரண்டரைக்கு அடித்தது. ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான் பேசலாமாம், பின்னால் வரிசை நிற்கிறதாம்.

உள்ளே எடுத்துவிட்டார்கள் என்றான். ஒரு டாக்டர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏன் இப்படி மடித்திருக்கிறாய் என்று கேட்டாராம். என் தப்பு சார் என்றானாம். அவர் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டாராம். மொட்டை அடித்தாகிவிட்டது, தலையைப் பார்த்த நாவிதர், ஏற்கெனவே நல்ல கை பட்ட தலை என்று சொன்னாராம். அதை அப்பாவிடம் மறக்காமல் சொல்லச் சொன்னான்.

"அப்புறம், வாலு. அன்னிக்கு உன்ன சொன்னது..."

"ரெண்டு நிமிஷத்துல இதெல்லாம் எதுக்கு? ஷூ போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். கத்திட்டேன். அதிகாரி முன்னாடி."

எனக்கு அந்த வாரத்திலேயே அவ்வளவு நிம்மதியான செய்தி வேறு இல்லை. மீதி நேரம் இருவரும் சிரித்துத் தீர்த்துவிட்டோம்.

கடையில் சொல்லிவிட்டுச் சலவைக்கூடத்துக்கு ஓடினேன். அம்மாவுக்கு அன்று உருளை இயந்திரத்தில் வேலை. ஈரப் போர்வையின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை அவளோடு பத்து வருஷமாக நிற்கிற உருளை அக்கா பிடிப்பாள், இருவருமாக நேராக இழுத்துக் கொடுக்க, சூடான உருளைகள் அதை வாங்கி அந்தப் பக்கம் காய்ந்த பலகையாகத் துப்பும். அங்கே போடுகிற சத்தத்தில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அவர்களுக்குக் கையாலேயே ஒரு பாஷை. ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்றை வைத்து வழித்துவிட்டால், வந்துவிட்டது, கறை இல்லை, எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

நான் கதவருகே நின்று போனைத் தூக்கிக் காட்டினேன். அம்மா பார்த்தாள். கையில் போர்வை, விட முடியாது. முகம் மட்டும் கேள்வியாக நின்றது. நான் போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கை மேல் உள்ளங்கையை வைத்து வழித்துக் காட்டினேன்.

அவள் கையிலிருந்த முனை நழுவியது. போர்வை கோணலாக உள்ளே போய், அந்தப் பக்கம் குறுக்கே பெரிய சுருக்கத்தோடு வந்து விழுந்தது. உருளை அக்கா வாயைப் பிளந்துகொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவோ இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, வேலை நேரத்தில், எல்லோரும் பார்க்க, உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.